பச்சைப் பொட்டா, சிவப்புப் பொட்டா

ஏப்ரல் 5, சனி

யாரிடமும் சொல்ல முடியாததை எழுதத்தானே டைரி. எழுதிவிடுகிறேன். நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு, வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஐம்பத்திரண்டு வயதான நான் குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திப் பாடச் சொன்னேன்.

"எதுக்குளா பாடணும்?"

"நீங்க அங்கனதான் நிக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்."

பாடினார். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டு ஒன்றுதான் அவருக்கு முழுசாகத் தெரியும். பாதிப் பாட்டில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் படித்துக்கொண்டிருந்த நாவலில், குளத்துக்கு அடியில் இருக்கிறவர்கள் நம் வீட்டு ஆட்களின் குரலிலேயே பேசுவார்கள். ஆகவே, "எங்க அம்மைக்கு நீங்க வச்ச பட்டப்பேரு என்ன?" என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, சொல்லிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் என் காதுக்கு இனித்தது நேற்றுதான்.

நாவலின் பெயர் ‘குரல் தின்னும் குளம்’. எழுதியவர் நீலவேணி ராசையா. பூவாத்தி என்று ஒரு பதினோரு வயதுப் பெண். அவள் அம்மாவின் குரலை ஊமைராணி என்பவள் பறித்துக்கொண்டு போய்விடுகிறாள். அதை மீட்க பூவாத்தி குளத்துக்குள் இறங்குகிறாள். கதை இவ்வளவுதான். ஆனால் எழுத்து! "மேல்குளத்தில் மீன்கள் நீந்தின, கீழ்க்குளத்தில் பெயர்கள் நீந்தின" என்று ஒரு வரி. நானும் உள்ளூர் மாதப் பத்திரிகையில் வருஷக்கணக்காக நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். இப்படி ஒரு வரி என் பேனாவில் வந்ததில்லை. பேனாவை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

இந்த நாவல் என் கைக்கு வரக் காரணமான போன வாரத்துச் சலசலப்பு, இன்று சாயங்காலம் பஞ்சாயத்தாக வெடித்தது.

எங்கள் பாளையங்கோட்டைக் குடியிருப்பில் வாசகர் வட்டம் ஒன்று உண்டு. தலைவர் தேவசகாயம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்தப் புத்தகம் வந்தாலும் முதுகில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டுவது அவர் ஏற்பாடு. பச்சை என்றால் பிள்ளைகள் எடுக்கலாம். சிவப்பு என்றால் பெரியவர்களுக்கு மட்டும். இரும்பு பீரோவுக்குள் போய்விடும், சாவி சாரின் அரைஞாணில். பதிப்பகத்தார் அட்டையில் என்ன வயது போட்டிருந்தாலும் எங்களுக்குச் செல்லாது.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது ரோஸ்லின், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். அவள் வாசிக்கையில் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆட்டோக்காரர்கள் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன். இப்போது வாசித்துக்கொண்டிருந்தது இந்த நாவலைத்தான். போன சனிக்கிழமை மகள் அகல்யாவைக் கூப்பிட வந்த சுகந்தி, வாசலில் நின்று ஒரு பக்கம் கேட்டாள். கதை நடுவிலேயே பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இன்று புகாரோடு வந்தாள்.

"சார், அன்னையிலேருந்து எம்பிள்ள ஒழுங்காத் தூங்கல. பத்து வயசுப் பிள்ளைக்கு வாசிக்க கதையா இது? தாய்க்காரி குரலை ஒரு ராணி வழிச்சுத் திங்கா!"

"திங்கலக்கா," என்றாள் ரோஸ்லின் பணிவாக. "ஜாடியில போட்டு மூடி வைக்கா."

"அது இன்னும் மோசம்லா!"

மருந்துக்கடை பரமசிவம் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "மருந்துப் பாட்டில்ல போடுத மாதிரி போட்டிருவோம் சார். பன்னெண்டு வயசுக்கு மேல, காலைல ஒரு அத்தியாயம், சாப்பாட்டுக்குப் பெறகு. ராத்திரி வேண்டாம்."

தேவசகாயம் சார் சிரிக்கவில்லை. சிவப்புப் பொட்டு என்று முடிவானால் புத்தகம் பீரோவுக்குள். சனிக்கிழமை வாசிப்பையும் இனித் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சாரின் நீதிக்கதைகளை எனக்குத் தெரியும். அதில் வருகிற நரியே கொட்டாவி விடும். ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். சனிக்கிழமை அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நாளெல்லாம் ஜெராக்ஸ் எடுக்கிறாள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

விதி ஏழின்படி சோதனை என்று தீர்மானம். முன்பு ஒரு சமையல் புத்தகத்தில் சொதிக் குழம்புக்குப் போட்ட தேங்காய்ப்பால் அளவு சரியா தப்பா என்று சண்டை வந்தபோது எழுதிய விதி அது. ஆளாளுக்கு வீட்டில் சமைத்து, சாப்பிட்டவரைச் சாட்சியாகக் கூட்டிவர வேண்டும் என்றார்கள். (என் சாட்சி அன்று எழுந்து வரும் நிலையில் இல்லை.) அதே விதி இப்போது நாவலுக்கு: மூன்று பேர் வீட்டில் உரக்க வாசிக்க வேண்டும், கேட்டவர் 26ஆம் தேதி நேரில் தன் வாயால் சொல்ல வேண்டும். சார், பரமசிவம் அண்ணாச்சி, நான்.

நான் ஏற்கெனவே படித்துப் பயந்துபோயிருக்கிற விஷயத்தைக் கூட்டத்தில் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்கிறதுக்கு எங்கள் வீட்டில் பிள்ளை ஏது? ஒரே மகள் காந்திமதி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஓசூரில் ரோஜாத் தோட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். போன ஆவணியில் அவள் அதைச் சொன்னபோது நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்த வார்த்தை ஒன்றரை மணி நேரம் நீண்டது. அதிலிருந்து என்னோடு பேச்சில்லை. அப்பாவோடு மட்டும் பேசுகிறாள். அவரும் அவள் கூப்பிட்டால் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். நான் அந்த நேரம் பார்த்து மிக்ஸியைப் போடுவேன். எனக்கு மிக்ஸியில் நிறைய வேலை இருக்கிறது.

நார்த்தங்காய் வாங்கி உப்பில் போட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவரையே கேட்க வைப்பது என்று முடிவு. கண்ணாடிக் கடையிலிருந்து வந்ததும் சாப்பாடு. எட்டு மணிக்கு வாசிப்பு.

ஒரு அதிசயம். வீட்டுக்குள் காலடி வைத்த அடுத்த நிமிஷம் பனியனுக்கு மாறிவிடுகிற மனிதர், இன்று வாசிப்பு தொடங்கும் முன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மின்விசிறிக்குக் கீழேகூட வேர்க்கிற காலம்.

"சட்டை எதுக்கு?"

"இலக்கியம்லா. ஒரு மரியாதை வேண்டாமா?"

எங்கள் கல்யாண ரிசப்ஷனுக்கே இவரைச் சட்டை போட வைக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

இரண்டாவது அத்தியாயம். சட்டைப் பையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அவர் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டார். நான் ஒன்றும் பார்க்கவில்லை.

நான் எப்போதும் அவருக்கு வலதுபக்கம் உட்காருவேன். இன்று இடதுபக்கம் மாறிக்கொண்டேன். சட்டைப் பை இருக்கிற பக்கத்தில் காற்று நன்றாக வருகிறது.

ஏப்ரல் 12, சனி

சோதனை முடியும்வரை பிள்ளைகளுக்கு வாசிப்பு கிடையாது. ஆனாலும் ரோஸ்லின் வந்து அறையைக் கூட்டி, பாயை விரித்து, பிறகு தானே சுருட்டி வைத்துவிட்டுப் போனாளாம். பரமசிவம் அண்ணாச்சி சொன்னார். அவர் சொல்கிற செய்தியில் பாதியைக் கழித்துவிடுவது என் வழக்கம். இதில் எதைக் கழிப்பது?

மளிகைக் கடையில் அகல்யா நின்றாள். அம்மா தேங்காய் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, பூவாத்தி மேல வந்துட்டாளா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒனக்குப் பயமா இல்லையாட்டி?"

"எனக்கு என்ன பயம்? அவதான் ராணி வீட்டுக்குள்ள மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கா. அந்த எடத்துலதான் அம்மா என்னைய இழுத்துட்டு வந்துட்டா. ரெண்டு வாரமா நிக்கா அத்தை. எவ்வளவு நேரம் நிப்பா?"

பிள்ளை தூங்காததன் காரணம் இதுதான். குளத்துக்கு அடியில் ஒருத்தி மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கையில் எப்படித் தூங்குவது? எனக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றவேண்டும் போல இருந்தது. முழங்கால் அனுமதிக்கவில்லை. "மூச்சு விட்டுட்டா. நல்லா இருக்கா," என்று காதில் சொன்னேன். அவளும் ஒரு பெரிய மூச்சு விட்டாள். இது விதிமீறல். எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். மத்தியானம் அவர் மாடிக்குப் போனார். நான் மிக்ஸியைப் போட்டேன். போட்ட பிறகுதான் ஜாரில் ஒன்றும் இல்லை என்று பார்த்தேன்.

இன்று ஐந்தாவது அத்தியாயம். ஊமைராணி முதன்முதலில் வருகிறாள். அவளுக்கு நான் ஒரு தனிக் குரல் தயாரித்து வைத்திருந்தேன். தொண்டையை இறுக்கி, மூக்கால் விட்டு. நாடகக்காரி கெட்டாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். இவர் வெலவெலத்துப்போனார். பையிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பயத்தில் உறைந்து போய்க் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

அதாவது, இவர் பயத்தில் உறைந்திருந்தார் என்று சொல்ல வந்தேன்.

ஏப்ரல் 17, வியாழன்

பூவாத்தி தன் அம்மாவின் குரலை ஜாடிகளுக்கு நடுவில் தேடுகிற அத்தியாயம். ஒவ்வொரு ஜாடியாகக் காதில் வைத்துக் கேட்கிறாள். ஒன்றில் தாலாட்டு, ஒன்றில் ஏலம் போடுகிற சத்தம், ஒன்றில் யாரோ யாரையோ திட்டுகிறார்கள். திட்டுகிற ஜாடியைத்தான் கையில் எடுத்துக்கொள்கிறாள். "இதுதான் என் அம்மா. இவ்வளவு நீளமாக வேறு யாரும் என்னைத் திட்டமாட்டார்கள்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன். இருமல்.

நீலவேணி ராசையா யாரோ எவரோ, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இருட்டைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறவர் திடீரென்று நம் அடுக்களைக்குள் நின்று பேசுகிறார். பத்து வயதில் இதை வாசித்தால் சாகசம். என் வயதில் வாசித்தால் ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

நேற்று பெரிய வெள்ளி, நாளை ஈஸ்டர். தேவசகாயம் சார் வீட்டில் ஆள் நடமாட்டம். கூட்டம் இல்லை. சாரின் மனைவி ஞானம்மாள் அக்காவை வாசலில் பார்த்தேன். மாடிக்குத் துணி காயப்போட ஏறிக்கொண்டிருந்தார்கள், மூட்டு வலியோடு.

"கெணத்தடியில கொடி இருக்கேக்கா?"

"கெணத்துப் பக்கம் போவேனா நானு? இவுக அந்தப் புஸ்தகத்தை வாசிக்க ஆரம்பிச்சதுலேருந்து அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. ஏளா வடிவு, என்னைய யாரு கூப்பிட்டாலும் ரெண்டாவது தடவை கூப்பிட்டாத்தான் என்னான்னு கேக்கேன்."

சார் சிவப்புப் பொட்டை இப்போதே எச்சில் தொட்டு வைத்திருப்பார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெண்டைக்காய்ப் பச்சடி. அத்தியாயம் பதினாறு. சட்டை இன்று புதுசு, தேய்த்தது.

ஏப்ரல் 25, வெள்ளி

கடைசி அத்தியாயம்.

பூவாத்தி குரலோடு மேலே வந்துவிடுகிறாள். ஆனால் ராணி கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறாள்: தன் பெயர், அம்மாவின் வாயிலிருந்து. ஜாடியைத் திறக்கிறாள். அம்மாவுக்குப் பேச்சு வருகிறது. அந்த அம்மா பேசுகிற முதல் வார்த்தை, "யாரு பிள்ள நீ?" பூவாத்தி சிரிக்கிறாள். "இனிமேதான் பேர் வைக்கணும்," என்கிறாள். முடிந்தது.

நான் இதை வாசித்து முடிக்கவில்லை. மோர் குடித்தது தொண்டையைக் கட்டிவிட்டது. இவர் புத்தகத்தை வாங்கி அந்த அரைப் பக்கத்தை வாசித்தார், வெண்கலப் பானையில் கரண்டியைப் போட்டு உருட்டுகிற குரலில். எழுந்து போகையில் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டே போனார், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போவது மாதிரி.

நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். யார் சொல்வது? இவர் என்றால் என் வாசிப்பு நன்று என்பார். சமையலைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார். வட்டத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

ஏப்ரல் 26, சனி

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

முதல் சாட்சி ஞானம்மாள் அக்கா. கிணறு, துணி, இரண்டு தடவை கூப்பிடுவது எல்லாவற்றையும் சொல்லி, "அம்பது வயசுக்கு மேல ஆகவே ஆகாது," என்று முடித்தார்கள். சார் அதைச் சிவப்புப் பொட்டுக்கு ஆதரவாக எழுதிக்கொண்டார். "பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு அக்கா சொல்லலியே சார்?" என்று ரோஸ்லின் மெதுவாகக் கேட்டது எழுத்தில் ஏறவில்லை.

இரண்டாவது, பரமசிவம் அண்ணாச்சியின் தங்கை பிள்ளைகள், ஒன்பது வயது இரட்டையர். ஊரில் உள்ள ஊறுகாய் ஜாடியெல்லாம் காலி. தெருப்பிள்ளைகள் குரலைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்களாம். "ரெண்டாவது பாகம் எப்ப வரும்?" என்று சாரையே கேட்டார்கள். பச்சை.

ஒன்றுக்கு ஒன்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரோஸ்லின் பார்க்கவில்லை, பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க சாட்சி எங்க வடிவு?"

இவர் எழுந்தார். "சார், நான் கேட்டவன் இல்ல. நான் வெறும் சட்டைதான்." பையிலிருந்து போனை எடுத்து மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டினார். "கேட்டது இங்கன இருக்கு."

ஊருக்கே தெரியும் ஆவணியிலிருந்து எங்கள் வீட்டுக் கதை. பரமசிவம் அண்ணாச்சியே ஒன்றும் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம். என் காதில் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"அலோ," என்றார் தேவசகாயம் சார், போனை நோக்கிக் குனிந்து. "காந்திமதியாம்மா? நான் தேவசகாயம் சார். எனக்கு மூணே கேள்வி. ஒனக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு சார்."

அந்தக் குரல். கொஞ்சம் கரகரப்பு, ஓசூர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னமோ.

"தெனமும் கேட்டியா?"

"தெனமும் அப்பா போன் போட்டாங்க சார். ஒருநாள்கூட நான் வைக்கல."

"பயம் வந்துதா? உண்மையச் சொல்லணும்."

"வரல சார்."

"ஒரு எடத்துலகூடயா? அந்த ஜாடி? அந்த ராணி?"

"ஒரு எடத்துலகூட வரல. எங்கம்மா வாசிக்கையில எப்படி சார் பயம் வரும்?"

சுகந்தி எழுந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோஸ்லினிடம் போய், "நான் பிள்ளைய இழுத்துட்டுப் போனேம்லா, அந்தப் பக்கத்தை எடுத்துக் குடு. இன்னைக்கு நான் வாசிக்கேன்," என்றாள். அகல்யா அம்மாவைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. நீலவேணி ராசையாவைத்தான் கூப்பிட வேண்டும்.

தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சைப் பொட்டை அவர் கையாலேயே ஒட்டினார். பரமசிவம் அண்ணாச்சியின் யோசனைப்படி விதி பன்னிரண்டும் சேர்த்தாயிற்று: நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்த நாவலை ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ரோஸ்லின் பாயை விரித்தாள். வெளியே ஆட்டோ இன்ஜின்கள் அணைந்தன.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் பேசவே இல்லை. "ஏளா, ஒனக்கு ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?" என்று இவர் பயந்து கேட்டார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் என் போன் அடித்தது. அவருடையது இல்லை, என்னுடையது.

"யம்மா."

"ம்."

"சாப்பிட்டியா?"

இட்லி என்றேன். அங்கே என்ன என்றேன். உப்புமா என்றாள். ரோஜா வெட்ட விடியுமுன்னே எழுந்து போக வேண்டியிருக்கிறதாம். தோட்டத்தில் ஒரு புதுச் செடிக்குப் பெயர் வைக்கவில்லையாம், ஒரு பெயர் சொல்லு என்றாள். "யோசிக்கேன்," என்றேன். ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். நிஜமாகவே ஒரு வார்த்தை.

அப்புறம் கூட்டத்தில் அவள் சொன்னதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊரே அழுதுவிட்டது என்றேன். எல்லாம் என் வாசிப்பின் மகிமை என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். ஊமைராணிக்கு நான் கொடுத்த குரல் எப்படி என்று கேட்டேன்.



"யம்மா, கோவப்படாத. நாளெல்லாம் தோட்டத்துல நின்னுட்டு வந்து படுப்பேனா. ஒன் கொரலு கேட்ட ரெண்டு நிமிசத்துல கண்ணு சொருகிரும். மொத நாலு அத்தியாயந்தான் கேட்டேன். அதுக்கு மேல தெனமும் தூங்கிட்டேன். ஆமா, அந்த ஊமைராணின்னா யாரு?"